கல்லறை மெழுகு

"சங்கிலிக்கு ஒயில் விடட்டோ அண்ணை?" சைக்கிள் கடைக்காரச் சசிகரன் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. ஒயிலில கடற்கரை மணல் அப்பிப் பிடிக்கும். நான் மெழுகு உருக்கிப் பூசிறனான்," எண்டார் மீன் விக்கிற எமிலியானுஸ்.

கதிரையில இருந்த அன்ரனிதாஸ் விடுவானே? அவன் வாயைத் திறந்தானெண்டால் செத்த மீனும் சிரிக்கும். சுவாமியாரைப் போல மூக்கால இழுத்தான்: "பிரியமான சகோதரங்களே! சைக்கிளுக்கும் மெழுகுதிரி கொளுத்துற காலம் வந்திட்டுது!"

கடை சிரிச்சுது. எமிலியானுசும் சிரிச்சார்.

"அதுசரி அண்ணை, மெழுகு எங்க வாங்கிறனீங்கள்?" சசிகரன் கேட்டான்.

"வாங்கிறேல்லை. ஆத்துமாக்கள் திருநாள் முடிஞ்சாப் பிறகு சேமக்காலைக்குப் போவன். கல்லறையளில உருகி வடிஞ்சு கிடக்கிறதைச் சுரண்டி எடுப்பன்."

சிரிப்பு பட்டெண்டு நிண்டுது.

"செத்த சனத்துக்குக் கொளுத்தினதையோ?" அன்ரனிதாஸ் கேட்டான்.

"எரிஞ்சு முடிஞ்சதைத்தான் தம்பி."

"எங்கட அம்மான்ர கல்லறையில?"

"இந்த முறை அங்கையும் எடுத்தனான்."

அன்ரனிதாஸ் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பினான்.

"கேட்டியளே! அம்மாவுக்கெண்டு இந்த ஊரில இருக்கிறது நான் ஒருத்தன். அவவின்ர ஆத்துமத்துக்கு எரிஞ்ச மெழுகில இவர் சைக்கிள் ஓடுறாராம்! நீர் மனுசனே? இனி இந்தக் கல்லறைக் கள்ளனிட்ட ஆரும் மீன் வாங்கக் கூடாது!"

வாசலில நிண்ட பிலோமினம்மா, அப்பதான் வாங்கின ஒட்டி மீனைத் திருப்பி நீட்டினா. "எனக்கு வேண்டாமப்பா."

எமிலியானுஸ் அதை வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டார். அன்ரனிதாசைப் பாத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுத்தி நிண்ட சனத்தைப் பாத்தார்.

"பிழைதான் தம்பி. மனசில வைக்காதையும்."

சைக்கிளில ஏறிப் போனார். மெழுகுச் சங்கிலி ஒரு சத்தமும் போடேல்லை.

"பாத்தியளே, கள்ளனுக்கு வாய் திறக்கேலாது!" அன்ரனிதாஸ் தலையைத் தொங்கப்போட்டு, அவர் சைக்கிள் மிதிக்கிறதை அப்பிடியே செய்து காட்டினான். பிலோமினம்மா வாயைப் பொத்திச் சிரிச்சா.

சசிகரன் மட்டும் சிரிக்கேல்லை. "இந்த முறை ஆத்துமாக்கள் திருநாளண்டு பின்னேரம் என்ன காத்து! எங்கட கடைத் தகரமே பறந்தது. நீங்கள் எப்பிடியண்ணை திரி கொளுத்தினனீங்கள்?"

"அண்டைக்கோ? அண்டைக்குக் கனடாவால வந்த மச்சானாக்களோட சாட்டிக் கடற்கரைக்கெல்லோ போனனான். றால் சுட்டு, பாட்டுப் போட்டு, அது ஒரு கூத்து! வர இருட்டிப் போச்சு. சேமக்காலைக்குப் போக எங்க நேரம்…"

தூக்கின கை அந்தரத்தில நிண்டுது.

சசிகரன் ஒயில் போத்தலைக் கீழ வைச்சான்.

"அப்ப, உங்கட அம்மாவுக்கு ஆர் அண்ணை கொளுத்தினது?"