உள்ளறை இணைப்பு

கம்பத்துக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்து வீட்டில் அக்தர் பேகம் தனியாக இருந்தார். கணவர் கமால் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மஸ்கட்டிலிருந்து மகள் வீடியோ காலில் வரும்போதெல்லாம், இரண்டு வயதுப் பேத்தியின் முகம் அசையாமல் நின்றுவிடும்.

டெலிபோன் லைன்மேன் மாரிசெல்வம் வந்து வயரைச் சோதித்து, ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"எக்ஸ்சேஞ்ச் ரொம்பத் தூரம்மா. நெட்டு மெதுவாத்தான் வரும். ஆனா உள்ள இன்னொரு போன் ரிசீவர எடுத்து வெளிய வச்சிருக்கீக. அதத் திரும்ப வச்சா வேகம் கொஞ்சம் கூடும்."

"வேற போன் இல்லையே தம்பி. அவுக ரூம்புல இருந்தத அப்பவே கழட்டியாச்சு."

மாரிசெல்வம் கமாலின் அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டில் மட்டும் இருந்தது. திரும்பி வந்து ரிசீவரை மறுபடி காதில் வைத்தார். லைனில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ரிசீவரை அக்தர் பேகத்திடம் நீட்டினார்.

அக்தர் பேகம் அந்த மூச்சை வெகுநேரம் கேட்டார். பிறகு அறை வாசலில் போய் நின்றார்.

"கொஞ்சம் வைங்க. புள்ள முகத்தப் பாத்துக்கிறேன்."

லைனில், ரிசீவரை வைத்ததுபோல் 'டக்' என்றது. நெட் வேகம் மும்மடங்கானது.

உடனே மகளை அழைத்தார். திரையில் பேத்தி ஓடினாள், சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்தர் பேகம் திரையை அறைப் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

பேத்தி சிரிப்பை நிறுத்திவிட்டு, காலி அறையைப் பார்த்து, பெரியவர்களுக்குச் சொல்வதுபோல் ஸலாம் சொன்னாள்.