பாலத்துல கொஞ்சம் நிறுத்து

"வளைவு வருது, கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கத்திக்கொண்டே டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். பின்னால் இருந்த இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல இடது பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போயேன் தம்பி. ஆஸ்பத்திரி எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார் டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அவருடைய அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

இரண்டு வரிசை தள்ளி ரேடியோக்காரர். ஊரில் உள்ள ரேடியோவையெல்லாம் ஒரு காலத்தில் பிரித்துப் போட்டவர், சிலவற்றைத் திரும்பவும் மாட்டியவர். முகக்கவசம் அவருக்குத் தாடையில் தொங்கியது.

"மூக்கை மூடுங்கய்யா" என்றார் டிரைவர்.

"மூக்கை மூடினா எனக்குக் காது கேக்கலைப்பா."

துணையில்லாத வயசாளிகளை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இலவசமாகக் கூட்டிப்போக ஊரார் சங்கம் அமைத்து வாங்கிய வேன் அது. நோய் பரவி ஊரடங்கு போட்டதும், சங்கம் தன்னிடமிருந்த டீசல், ஸ்ட்ரெச்சர் என்று ஒவ்வொன்றாக ஆம்புலன்ஸுக்குத் தாரை வார்த்துவிட்டது. மருந்தையும் மளிகையையும் டிரைவரே சைக்கிளில் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

அப்படி மாத்திரை கொண்டுபோன ஒரு நாள், டீச்சரம்மா சுவரைப் பார்த்து நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டார். மறுநாளே வேனைக் கழுவித் துடைத்தார், சாயங்காலச் சவாரி தொடங்கிவிட்டது.

"பாலம் வந்துருச்சா?" என்று கேட்டார் ரேடியோக்காரர். "பாலத்துல கொஞ்சம் நிறுத்து. ஆத்துல தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்க்கணும்."

டிரைவர் பிரேக்கை மிதித்தார். ரேடியோக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகுது" என்றார்.

"நேத்து வறண்டுல்ல கிடந்துச்சு?" என்றார் டீச்சரம்மா.

"நேத்து நீங்க தூங்கிட்டீங்க."

"நானா? குறட்டை விட்டது யாராம்?"

சண்டை முற்றினால் இரண்டு பேரும் நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "முழங்கால் அளவு தண்ணின்னு வச்சுக்குவோமே" என்று டிரைவர் பஞ்சாயத்து செய்து வைத்தார். இரண்டு பேருக்கும் அது அரை மனசுதான்.

"அது இருக்கட்டும். போன வருஷம் இதே ரோட்டுல என் பல்செட்டே கழண்டு விழுந்துச்சு. இப்ப ஒரு குலுக்கல் இல்லை. புது ரோடு போட்டுட்டாங்களா?" என்றார் டீச்சரம்மா.

"உங்களுக்காகத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டறேன் டீச்சரம்மா" என்று சொல்லி டிரைவர் ஹார்னை ஒரு தடவை நீளமாக அடித்தார்.

அந்த ஹார்ன்தான் வினையாகப் போயிற்று. கண்ணாடியில் லத்தி தட்டியது.

புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள், வேலியைத் தாண்டி நேராக ஜன்னலுக்கே வந்துவிட்டார். "தினமும் ஹார்ன் சத்தம் கேக்குதுன்னு புகார் வந்திருக்கு. ஊரடங்குல எங்கய்யா கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் டீச்சரம்மா. அதே மூச்சில், "சந்தைக்கு" என்றார் ரேடியோக்காரர்.

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேஸ் அது இதென்று ஆனால் சங்கம் வேனைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளும். அப்புறம் டீச்சரம்மா மறுபடி சுவரோடுதான் பேச வேண்டும். அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"மூணு மாசமா வீட்டுக்குப் போகாம செக்போஸ்ட்டுல ஒத்தையில நிக்கிறேன். நீங்க ஜாலியா சவாரி போறீங்களா?" கான்ஸ்டபிளின் குரல் உயர்ந்தது.

"சார், இவங்க ரெண்டு பேருக்கும் வேற போக்கிடம் இல்லை சார்."

"இதையும் நிறுத்திட்டா நான் யார்கிட்டப்பா பேசறது?" என்றார் டீச்சரம்மா. "சுவத்துக்கிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. இப்ப அதுவே என்னைப் பார்த்து முழிக்குது."

கான்ஸ்டபிள் மசியவில்லை. "நாலு சக்கரத்துலயும் காத்தைப் பிடுங்கி விடறேன். அப்புறம் எப்படி ஓட்டறீங்கன்னு பார்க்கிறேன்."

"பிடுங்கட்டும், தாராளமாப் பிடுங்கட்டும்" என்று ரேடியோக்காரர் களுக்கென்று சிரித்தார். டிரைவர் திரும்பி ஒரு முறை முறைத்தார்.

மழைக்கு மதமதவென்று வளர்ந்த புல் வேனின் படி வரைக்கும் மறைத்திருந்தது. கான்ஸ்டபிள் குனிந்து அதற்குள் கையை விட்டுத் துழாவினார். பின்பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், சுற்றி வந்து முதலில் துழாவிய இடத்தையே மறுபடி துழாவினார். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து ஜன்னலில் முகம் காட்டினார்.

"யோவ், இங்க செங்கல்லுதான்யா அடுக்கியிருக்கு. சக்கரம் எங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "நாலும் ஆம்புலன்ஸ்ல ஓடிக்கிட்டிருக்கு சார்."

கான்ஸ்டபிள் கையில் புல்லோடு அப்படியே நின்றார். உள்ளே டீச்சரம்மா, வண்டி இப்போதே கிளம்பிவிடும் என்பதுபோல முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்தைக் கான்ஸ்டபிள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு புல்லை உதறினார். கதவைத் திறந்து ஏறி, கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, லத்தியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

"வண்டி எங்க ஊர் வழியாப் போகுமா?"