பெரிய ரூட்டரின் பெருமை

ஞானமுத்து தன் கார் ஷெட்டில், கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் இயந்திரம் ஒன்றை ப்ளைவுட்டால் தானே செய்து முடித்தார். அதில் பூட்டுவதற்கு, மரம் குடையும் ரூட்டர்கள் இரண்டு அலமாரியில் காத்திருந்தன.

"என்னைத்தான் எடுப்பார். தேக்கையே வாழைத்தண்டு மாதிரி நறுக்குவேன்," என்றது பெரியது.

"நான் மெதுவாகத்தான் குடைவேன்," என்றது சின்னது.

ஞானமுத்து பெரியதைத்தான் பூட்டினார். அதன் கனம் தாங்காமல் இயந்திரத்தின் குறுக்குச் சட்டம் வளைந்தது. வட்டம் போடச் சொன்னால் முட்டை வந்தது.

"சட்டத்துக்குத் தெம்பு இல்லை, நான் என்ன செய்ய?" என்றது பெரியது.

அதைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் பூட்டினார். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து அச்சு அசல் வட்டம் போட்டது. இயந்திரம் இருந்த மேஜை மட்டும் லேசாக ஆடியது. ஞானமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். பெரியதைத் தூக்கி, மேஜையின் கீழ்த்தட்டில் கனத்துக்கு வைத்தார். ஆட்டம் நின்றது.

"அப்பாடா, இதுக்காவது ஆச்சே!" என்றார்.

மேலே சின்னது வேலையில் மூழ்கியிருந்தது. தலையில் மரத்தூள் கொட்டக் கொட்ட, பெரியது பக்கத்திலிருந்த சுத்தியலிடம் சொன்னது:

"பார்த்தாயா? நான் இல்லாமல் அந்தச் சின்னவனால் ஒரு வட்டம்கூடப் போட முடியாது."