கால்வாய்க்கரை லைவ்

“அந்த ஒரு வீட்டை மட்டும் அமுக்கு நஸீமா. லைனை வெட்டிராத. பைய அமுக்கு” என்றார் ஷேக் மைதீன் அண்ணாச்சி.

மேலப்பாளையத்தில் பாதி வீடுகளுக்கு நெட் கொடுப்பவர் அவர். அவருடைய ஆபீஸில் ரூட்டரைப் பார்த்துக்கொள்வது நான்.

பக்கத்து நாற்காலியில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தார். செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கிறவர். உறிஞ்சியதை ஊருக்கு வெளியே கொண்டுபோக டீசல் ஆகிறதாம், அதனால் கால்வாயில் திறந்துவிடுவார். கேட்டால் மழைத்தண்ணி என்பார்.

அன்று காலை லாரி கரைக்கு வந்ததும் மஹ்மூதா பீவி அதன் முன்சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பேத்தி வாந்திபேதியாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மருமகள் தஸ்மியா, கரையை ஒட்டியே இருக்கிற தங்கள் வீட்டு வாசலில் நின்று, வீட்டு வைஃபையில் லைவ் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டு ஆண்கள் துபாயில். தெருவில் முக்கால்வாசி ஆண்கள் அங்கேதான். ஊரும் துபாயும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் லாரி நின்றது. இல்லாவிட்டால் அந்த மனுஷியை யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

லைனை வெட்டினால் வேண்டுமென்றே செய்தது தெரிந்துவிடும். அமுக்கினால், வழக்கம்போல நெட் இழுக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். மூளையைப் பாருங்கள். நல்ல காரியத்துக்கு ஒரு நாளாவது இப்படி ஓடியிருக்கிறதா?

அமுக்குவது பெரிய வித்தையில்லை. ரூட்டர் வழியாகப் போகிற வருகிற தகவலில் எது யாருடையது என்று பார்த்து ஒரு குறி ஒட்டலாம். குறி ஒட்டியது மட்டும் சொட்டுச் சொட்டாகப் போகும், மற்றதெல்லாம் தாராளமாக ஓடும். யார்மேல் குறி இருக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

எனக்கு மஹ்மூதா பீவியைப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்று தெருத்தெருவாகச் சொன்ன வாய் அது. இருந்தாலும் அந்த வாயை அடைக்க இவர்கள் யார்?

தட்டினேன்.

“போட்டாச்சு அண்ணாச்சி.”

இருவரும் ஆபீஸ் வைஃபையில் ஓடும் தங்கள் போனைப் பார்த்தார்கள். திரையில் மஹ்மூதா பீவி வாயைத் திறந்தபடியே உறைந்துபோனார். அவர் முகத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே டிரைவரைக் கூப்பிட்டார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏலே கருத்தையா, லைவு நின்னுட்டு. இனி ஒருத்தனும் பாக்கல. வண்டிய எடு. சக்கரம் உருண்டா அவ தன்னால எந்திரிச்சு ஓடுவா.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டேங்க்கைத் திறந்துவிடச் சொல்வார், வசமாக மாட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் போனைப் பிடுங்க எழுந்தேன், அதற்குள் லாரி எஞ்சின் கிளம்பிவிட்டது.

போனில் கொஞ்ச நேரம் எஞ்சின் இரைச்சலும் பெண்களின் கூச்சலும் கேட்டன. பிறகு இரைச்சல் நின்றது.

“லைவு எங்க அண்ணாச்சி நின்னுச்சு? ஓடிக்கிட்டுல்லா இருக்கு” என்றான் கருத்தையா. “எம் பொண்டாட்டி பேட்டைல இருந்து பாத்துட்டு, ஊரே பாக்குது, மரியாதையா கீழ எறங்குன்னு ஏசுதா. நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன். நீங்க இப்பச் சொன்னது பூரா, லைவு எடுக்குற அந்தப் புள்ள போன்ல போயிட்டு. நான் சாவிய அந்த அம்மா கையிலயே குடுத்துட்டேன்.”

மச்சினன் தன் போனைத் தட்டிப் பார்த்தார், அணைத்துப் போட்டும் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அமுக்கச் சொன்னீங்க, அமுக்கிட்டேன்” என்றேன். “உங்க போனு ஒண்ணு, உங்க மச்சினன் போனு ஒண்ணு. வேற யாரு மேலயும் கை வைக்கல.”

அவருக்கு மூக்கு விடைத்தது. ரூட்டர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு இப்போதே வீட்டுக்குப் போ என்றார்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“லைவு முடியட்டும் அண்ணாச்சி. தாரேன்.”