உறைக்குள் சிக்கிய வாள்

மாளிகைச் சுவரில் ஒரு வாள் தொங்கியது. விருந்து என்றால் அதை இறக்கி, ஷாம்பெயின் பாட்டிலின் கழுத்தில் ஒரு தட்டு தட்டுவார்கள். மூடியோடு கழுத்து பறக்கும், கூட்டம் கைதட்டும். வாளுக்குத் தலைகால் புரியாது.

"இன்னிக்கு என் வீச்சைப் பாரு" என்றது, மேசைமேல் இருந்த பாட்டிலிடம்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க கூர் எங்கமேல படுறதே இல்ல, முதுகாலதான் தட்டுறாங்க. உள்ளே முட்டிக்கிட்டு நிக்கிற காத்துதான் கழுத்தைத் தள்ளுது."

"உனக்கு வாய்க்கொழுப்பு" என்றது வாள்.

அன்று பார்த்து உறை துருப்பிடித்து இறுகிவிட்டது. எல்லோரும் இழுத்தும் வாள் வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் சாம்பார்க் கரண்டியை எடுத்துத் தட்டினார். கழுத்து பறந்தது. அதே கைதட்டல்.

வாள் உறைக்குள்ளிருந்தே அடுத்த பாட்டிலிடம் சொன்னது:

"கரண்டி நம்மகிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன்தான்."