பச்சைப் பட்டன்

"அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. வர்ற மெசேஜையெல்லாம் போனே சத்தமா வாசிக்கிற மாதிரி வெச்சிட்டேன்" என்றான் மகன்.

சாப்பிட்ட தட்டுகள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. கணவரும் மகனும் என் போனில் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். எனக்குச் சமையல் ஆப் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

நேற்று நான் கரண்டியை வீசியதால் வந்த அக்கறை இது.

யார் மேலும் வீசவில்லை. சுவரில்தான். பகலெல்லாம் கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமந்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தால், கூடத்திலிருந்து "இன்னைக்கும் உருளைக்கிழங்கா" என்று ஒரு குரல். அப்பன் குரலா மகன் குரலா என்று பார்க்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். என்ன சமைப்பது என்று யோசிப்பதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். அந்த யோசனையைப் போன் பார்த்துக்கொண்டால், அம்மா சும்மா சமைத்தால் போதும்.

சும்மா.

இரண்டு ஆப் இறக்கி, இரண்டிலும் வீட்டு ஆட்களைப் பதிந்து வைத்திருந்தான். அப்பா, அம்மா, மகன். ஒரு வாரம் இலவசம். அதற்குப் பிறகு எதை வைத்துக்கொள்கிறோமோ அதற்குக் காசு.

முதல் ஆப்பை வரி வரியாகப் படித்துக் காட்டினான். ஒவ்வொரு நாளும் என்ன சமைக்க வேண்டும் என்று அது சொல்லும். கடையில் என்ன வாங்க வேண்டும் என்றும் சொல்லும். நேற்றுச் செய்தது இன்று வராது. கணவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மீன், முட்டை, இறைச்சி. ஜவுளிக்கடையில் துணி எடுப்பவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் "இது இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றார்.

"இதுக்கெல்லாம் நறுக்கவே முக்கால் மணி நேரம் ஆகுமே" என்றேன்.

"உன் கை பட்டா அஞ்சு நிமிஷம்" என்றார். பாராட்டுகிறாராம்.

இரண்டாவது ஆப்பைத் திறந்தவன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அப்பாவிடம் மட்டும் காட்டினான். அவரும் பார்த்தார். இருவரும் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டார்கள்.

"இது நமக்குச் சரிப்படாதும்மா. இதெல்லாம் வேற மாதிரி வீட்டுக்கு."

நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திரை என் கண்ணுக்கு நேராக இருந்தது.

'சமையலறை வேலைகளை முறை வைத்துப் பிரித்துத் தருகிறோம். யார் யார் செய்வீர்கள்?'

கீழே மூன்று பேர், மூன்று கட்டம். அம்மாவுக்கு நேரே மட்டும் டிக் போட்டு வைத்திருந்தான்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஆனால் படித்துவிட்டேன்.

கூட வேலை செய்கிற அக்கா ஒருத்தி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த சிமென்ட் பைத்தாளில் கரித்துண்டால் எழுதிக் காட்டிச் சொல்லித் தந்த படிப்பு அது. முதல் வாரம் ஆசையாக வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப இனிமே மேஸ்திரி நீதான்" என்று கணவர் சிரித்த சிரிப்பில் மகனுக்குப் புரையேறியது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவர்களும் மறந்துபோனார்கள்.

உடம்பெல்லாம் கொதித்தது. டிக் போட்டதற்காகக்கூட இல்லை. கண் தெரியாதவள் கையில் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுகிற மாதிரி, என் எதிரிலேயே செய்கிறார்களே என்றுதான்.

தட்டையும் சுவரில் அடித்திருப்பேன். கரண்டிக்கு ஆப் கிடைத்தது. தட்டுக்கு என்ன கிடைக்குமோ.

மகன் முதல் ஆப்புக்குத் திரும்பிப் போனான். "நீயே உன் கையால ஆரம்பிச்சு வைம்மா. பச்சையா இருக்குல்ல, அதை அழுத்து." போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான். கணவர் பல்லைக் குத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

இரண்டாவது ஆப்பிலும் ஒரு பச்சை இருந்தது.

அதைத் திறந்தேன். அப்பாவுக்கு ஒரு டிக். மகனுக்கு ஒரு டிக். அம்மாவுக்கு நேரே இருந்ததை எடுத்துவிட்டேன். சிமென்ட் அரித்த விரல் என்பதால் திரை லேசில் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். கடைசியில் பச்சை.

போன் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தது.

"இன்று பாத்திரம் கழுவுபவர், அப்பா. நாளை காலைச் சமையல், மகன்."

கணவர் வாயில் குச்சியோடு எழுந்துவிட்டார். "என்னத்தடி அழுத்துன?"

"பச்சையா இருந்துச்சு. அழுத்தினேன்."

மகன் ஈரக்கையோடு ஓடி வந்து போனைப் பிடுங்கினான். எதையெதையோ தட்டினான். அது மறுபடியும் அப்பாவைக் கூப்பிட்டது.

அடுக்கிய தட்டுகளை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கூடத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

'வேலை முடிந்தது' என்று அழுத்தும் வரை அது விடாது. அந்த வரியையும் எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.