புளி போட்டுத் தேய்த்த கெரிஸ்

கண்காட்சியில் வைக்கப் போகிற கத்தி குத்துவிளக்கு மாதிரி மின்ன வேண்டாமா என்றுதான் அமிர்தவல்லி புளி போட்டுத் தேய்த்தாள். கணவர் வடமலை சேர்த்து வைத்திருந்த மலாய்க் கெரிஸ் கத்திகளில் அதுதான் ராஜா. மீன்கொத்தி மூக்கு மாதிரி பிடி, மலாய்க்காரர்களின் பத்தானிப் பக்கத்துப் பழசு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். தேய்க்கத் தேய்க்க, இரும்பில் ஓடிய அலைக்கோலம் புளித்தண்ணீரோடு போய்விட்டது.

“ஐயோ, கெடுத்துட்டேனுங்க!”

வடமலை அந்த மொட்டை இரும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

“மடிச்சு மடிச்சு அடிச்ச இரும்புன்னா கோலம் உள்ளுக்குள்ளயே ஓடும். புளிக்கெல்லாம் போகாது. இது திராவகத்துல வரைஞ்ச புதுசு. நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி என் மானம் போயிருக்கும். நல்லவேளை, நீ தேய்ச்ச!”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் பார்வை மெல்லச் சுவருக்குப் போனது. சுவர் நிறையக் கெரிஸ்கள்.

“புளி இன்னும் இருக்கா?”

அமிர்தவல்லி சுவரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். புளி ஜாடியை அழுத்தி மூடினாள்.

“தீந்துபோச்சுங்க.”

“நல்லதாப் போச்சு” என்றார் வடமலை.